ஆறு மீற்றர்

முற்றத்துச் சீமெந்தில் சோக்கால் வாகனத்தைக் கீறினேன்.
நீளம் ஆறு மீற்றர், அகலம் இரண்டே கால்.
மூக்கு கேற்றில் முட்டியது.
பின்சில்லு ஒன்று செவ்வரத்தைப் பாத்திக்குள் போயிற்று.
இதற்குள் நாலு கிழமை.

குகனேசன் டோட்முண்டிலிருந்து அளவுகள் அனுப்பியிருந்தான்:
கட்டில் குறுக்கே, அடுப்பு கதவோடு,
மேசையை விரித்தால் ஒருவர் எழும்பி வெளியே நிற்கவேணும்.
"வாடகை நாள் கணக்கு, அக்கா.
பார்க்கிற ஊரிலெல்லாம் நிக்கேலாது."
எந்த வழியால் போகப்போகிறோம் என்று
அவனுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

கொப்பியில் கேள்விகள் பெருகுகின்றன.
தண்ணீர் எங்கே நிரப்புவது.
கக்கூஸ் பெட்டியை எங்கே கவிழ்ப்பது, அதற்கும் காசா.
மூன்றரைத் தொன் தாண்டினால் இவருடைய லைசென்ஸ் செல்லாதாம்,
அப்படியென்றால் அம்மியை நினைக்கவே வேண்டாம்.
கருவாடு பொரித்தால்
பக்கத்து வாகனக்காரர் என்ன சொல்வார்கள்.
இரவில் காட்டோரம் நிறுத்தினால் பொலிஸ் வந்து தட்டுமா.
இந்த ஒன்றுக்கு மட்டும் இவர் உடனே சொன்னார்:
"தட்டும்."

ஸ்ரியரிங் இடப்பக்கம், ஓட்டம் வலப்பக்கம்.
காலையில் கோண்டாவிலிலிருந்து கடைக்குப் போகும்போது
மனதுக்குள் மாற்றி ஓடிப் பழகுகிறாராம்.
நேற்றுத் தட்டாதெருச் சந்தியில்
ஓட்டோக்காரன் ஒருவன் இவருடைய பரம்பரையையே ஏசினான்.

வீசாப் படிவம்.
வங்கிக் கணக்கு, காணி உறுதி, கலியாணப் பதிவு.
திரும்பி வருவீர்கள் என்பதற்கு ஆதாரம் என்ன?
முன்னர் எப்போதாவது திருப்பி அனுப்பப்பட்டதுண்டா?
இவர் பேனையை மூடிவைத்துச் சிரித்தார்.
"இரண்டுக்கும் ஒரே மறுமொழிதானே.
வரமாட்டனெண்டு நிண்டவனைப்
பிளேனிலை ஏத்தியல்லோ அனுப்பினவை."
பிறகு பேனையைத் திறந்து
'ஓம்' என்ற பெட்டிக்குள் புள்ளடி போட்டார்,
அழுத்தி, கீழ்த் தாளிலும் பதியும்படி.

சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தேன்.
நான்கு மூலைக்கும் தேங்காய்ப் பாதி, உப்புப் போத்தல்,
இவருடைய கண்ணாடிக் கூடு, ஒரு ரயர் வால்வுப் பெட்டி.
சிவப்புப் பென்சிலால் கிழக்கே இழுத்துக்கொண்டு போனேன்.
போலந்துக்கு வந்ததும் விரலை வைத்தார்.
தொண்ணூற்றெட்டு மாசி. வெங்காய லொறி. பதினாலு பேர்.
எங்கே ஏறினதென்று தெரியாது,
ஆற்றங்கரையில் பிடிபட்டது மட்டும் தெரியும்.
போலந்து எப்படி இருந்தது என்று
கலியாணமான புதிதில் ஒருமுறை கேட்டேன்.
"படங்கிலை ஒரு ஓட்டை. அவ்வளவுதான் போலந்து."

ஆனால் காது கண்டிருக்கிறது.
கல்லுப் பதித்த தெருவென்றால் பல்லுக் கிட்டும்.
பனியென்றால் சில்லு ஒன்றுமே கதைக்காது.
பாலமென்றால் சத்தம் கீழே இறங்கி, வெறுமையாகி,
மற்றப் பக்கம் ஏறி வரும்.
பாலங்களை எண்ணியிருக்கிறார்.
பதினொன்று.
இருபத்தைந்து வருஷமாய் ரயர் விற்கிற மனுசன்
இன்றுவரை அந்தப் பதினொரு ஆறுகளின் பெயர் அறியார்.

கொப்பியில் எழுதினேன்: பாலங்கள், 11.
எதிரே செலவென்ற நிரலில் ஒன்றும் போடவில்லை.
குகனேசன் கத்துவான், கத்தட்டும்.

இரவு விளக்கணைக்க வந்தபோது
சோக்குக் கோட்டுக்குள் இருந்தார்.
சாரதி ஆசனம் இருக்கவேண்டிய இடத்தில்
பிளாஸ்ரிக் கதிரை போட்டு வைத்திருந்தேன், அது சும்மா கிடந்தது.
பின்னால், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே,
முழங்காலைக் கட்டிக்கொண்டு,
ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம் தேவையோ
அதிலும் பாதியில்.

"யன்னல் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.
மறந்துவிட்டேன்.
சோக்குத் துண்டைத் தேடியெடுத்து
இரண்டு பக்கமும் கீறினேன், பின்னுக்கும் ஒன்று,
குகனேசனின் அளவில் இல்லாதது.

நுளம்பு கடிக்குது, படுக்க வாங்கோ என்றேன்.
எழும்பிப் பின்கோட்டைத் தாண்டக் காலைத் தூக்கினார்.
"கதவு இஞ்சாலை."
நின்றார்.
அடுப்பைச் சுற்றி, மேசையை ஒதுங்கி,
தலையைக் கொஞ்சம் குனிந்து
கதவால் இறங்கி வந்தார்.